பச்சைத் துணி கட்டிய ஜன்னல்

மேம்பாலம் வரப்போகிறது என்றதும் எங்கள் தெருவில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. வேலை தொடங்கிய பிறகு நன்றாகவே புரிந்தது. ஆம்புலன்ஸ் வரும் வழியில் பள்ளம், குழாயில் கலங்கல் தண்ணீர், பிரசவ ஆஸ்பத்திரிச் சுவரில் விரிசல். போதாக்குறைக்கு இரும்புத் தூண்களைத் தரைக்குள் அடித்து இறக்கும் இயந்திரம் ஒன்று. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை தொம் தொம் என்று இடிக்கும்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் என் அண்ணிதான் நர்ஸ். நான் வாசலில் சீட்டுக் கொடுப்பவள். அண்ணி லேசில் சிரிக்க மாட்டாள். எதிலும் கறார். வீட்டில் அண்ணனே அவளிடம் வரிசையில் நின்றுதான் பேச வேண்டும் என்று நான் கிண்டல் செய்வேன்.

வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் மின்சாரக் கருவி, பாலத்து வேலையால் கரண்ட் ஏறி இறங்கியதில் புகைந்து போனது. புதியது வருகிறது, வருகிறது என்றார்கள். அதுவரை பழைய மரக் குழாயை வயிற்றில் வைத்துக் காதால்தான் கேட்க வேண்டும். இந்த இடியில் எதைக் கேட்பது? ஒருநாள் அண்ணி விறுவிறுவென்று இயந்திரத்திடம் போய் நின்றாள். இன்னொரு சண்டைக்காரி வந்துவிட்டாள் என்று நினைத்து டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணே. ஒரு குழந்தையோட துடிப்பு கேக்கணும்" என்றிருக்கிறாள். மனிதர் உடனே நிறுத்திவிட்டார்.

அன்று முதல் இருவருக்கும் இடையில் ஒரு ஏற்பாடு. ஜன்னலில் பச்சைத் துணி தெரிந்தால் இடி நிற்கும். துணியை எடுத்தால் தொடங்கும். தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் தங்களுக்காகவும் துணியைக் கட்டச் சொல்லி ஆளாளுக்கு அண்ணியிடம் தூது விட்டார்கள். டியூஷன் டீச்சர் பரீட்சை நேரம் என்று கெஞ்சினார். எதிர்வீட்டுக்காரர் மகளுடன் போனில் பேச வேண்டுமாம். அண்ணி எவருக்கும் மசியவில்லை.

அண்ணனுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. பகலில்தான் தூக்கம். ஆஸ்பத்திரிக்குப் பின்வீட்டில் இருந்துகொண்டு எங்கே தூங்குவது? கண்கள் உள்ளே போய், ஆளே பாதியாகிவிட்டார். ஒரு காலையில் விரலில் கட்டுடன் வந்தார். மாவு பிசையும் இயந்திரத்தில் தூக்கக் கலக்கத்தில் கையை விட்டிருக்கிறார். அண்ணி நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பச்சைத் துணியைக் கட்டினாள்.

"அண்ணி, உள்ள யாரும் இல்லையே" என்றேன்.

"உங்கண்ணன் இருக்காரு" என்றாள்.

இடி நின்றது. அண்ணன் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். வெயில் சாய்ந்த பிறகுதான் அவள் துணியை எடுத்தாள்.

சாயங்காலம் டிரைவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். "குழந்தை பொழச்சிருச்சாம்மா? இவ்ளோ நேரம் ஆனதும் எங்களுக்குப் பதறிப்போச்சு. எல்லாரும் இறங்கி நின்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

அண்ணி நினைத்திருந்தால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவளோ, வீட்டுக்காரரைத் தூங்க வைக்கத்தான் கட்டினேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி துணியை மதிப்பாரா என்ற கவலையில் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் ஓடி வந்தாள். காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை என்றாள். அண்ணி குழாயை வைத்துப் பார்த்தாள். இடியைத் தவிர எதுவும் கேட்கவில்லை. துணியைக் கட்டினாள். இடி நிற்கவில்லை. அண்ணி செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இயந்திரத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

பழையவர் எங்கே என்று கேட்டாள். அவரை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அன்றைக்கு அத்தனை நேரம் வேலையை நிறுத்தியதால் வந்த வினையாம். போகும்போது துணி விஷயத்தை இவரிடம் சொல்லித்தான் போயிருக்கிறார். ஆனால் யாருக்காக என்று நேரில் கேட்டுவிட்டு நிறுத்து என்றும் சொல்லியிருக்கிறார். புது டிரைவர் குனிந்து கேட்டார்.

"பிள்ளைக்கா, புருஷனுக்கா?"

"பிள்ளைக்கு" என்றாள் அண்ணி.

இயந்திரம் நின்றது. அண்ணி திரும்பி ஓடி வந்து, அந்தப் பெண்ணின் வயிற்றில் குழாயை வைத்துக் காதை அழுத்தினாள். அங்கே இங்கே நகர்த்தினாள். ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். நல்லா கேக்குது என்று தலையாட்டினாள். பிறகு, நான் ஒருநாளும் பார்த்திராத விதத்தில், விக்கி விக்கி அழுதாள்.

அந்தப் பெண் வெலவெலத்துப்போய் என் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதம்மா. உன் புள்ள நல்லாருக்கு" என்றேன். "இந்த அழுகை அன்னிக்கு மிஷின நிறுத்திட்டு சாமி கும்பிட்ட ஒருத்தருக்காக."