காது மடலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்

பிள்ளை பிறந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வி நிறம். பிறந்த பிள்ளை எப்படியும் சிவந்துதான் இருக்கும் என்பதால், காது மடலின் மேல் விளிம்பை விரலால் மடக்கிப் பார்ப்பார்கள். அங்கே என்ன நிறமோ அதுதான் பிள்ளைக்கு நிலைக்கும் என்று நம்பிக்கை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் நான் பிறந்தபோது என் காதையும் யாரோ மடக்கிப் பார்த்து, "கறுப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை என் அம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். வருத்தமாகக்கூடச் சொன்னதில்லை, இன்றைக்கு மீன்பாடு இல்லை என்பதைப் போலத்தான் சொல்வாள்.

பிறகு நான் நர்ஸாகி, குவைத் விசா கிடைத்து, கல்யாணமும் ஆனது. அந்த விசா என் நிறத்தைச் சரிக்கட்டிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

குவைத்தில், மங்காஃப் என்ற பகுதியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஒன்றில் நான், கணவர், ஆறு வயது மகள். இன்னொன்றில் கணவரின் தம்பியும் அவர் மனைவியும். அவள் என் ஓர்ப்படி. நல்ல சிவப்பு, அதற்காகவே தேடிப் பிடித்துக் கட்டி வைத்த பெண். எனக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் டூட்டி. பக்கத்து ஈராக்கில் சண்டை நடந்து, குவைத்தில் அமெரிக்கக்காரர்கள் நிறைந்திருந்த வருடங்கள் அவை.

அப்படி ஒரு அமெரிக்கப் பெண் எங்கள் வார்டுக்கு வந்தாள். கறுப்பினத்தவள், கணவனுக்கு ஏதோ கம்பெனி வேலை. இரண்டாவது பிரசவம், ஆண் குழந்தை. துடைத்து, எடை போட்டு, துணியில் சுற்றும்போது என் கை தன்பாட்டுக்குப் போய்க் குழந்தையின் காதை மடக்கியது. பழக்கம்தான். வார்டுக்கு வெளியே நிற்கும் நம்மூர்க்காரர்கள் கேட்பார்கள், அவர்களுக்குச் சொல்லப் பதில் வேண்டும் என்று எல்லாக் குழந்தைக்கும் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அவள் பதறிவிட்டாள். காதில் ஏதாவது குறையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குறை இல்லை என்றேன். பிறகு எதற்கு மடக்கினாய் என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், சட்டென்று வாயில் வரவில்லை. "பிள்ளை என்ன நிறம் வரும் என்று இப்படித்தான் பார்ப்போம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "என் பிள்ளை என்ன நிறத்தில் வருவான் என்று உனக்கு நிஜமாகவே சந்தேகமா?" என்று கேட்டுவிட்டு, தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "உன் பிள்ளைக்கும் பார்த்தாயா?" என்றாள்.

"பார்த்தேன்."

"பார்த்து என்ன செய்தாய்?"

ஒன்றுமில்லை என்றேன். வாய் கூசாத பொய். மகள் வயிற்றில் இருந்தபோது மூன்றாம் மாதத்திலிருந்து பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தவள் நான். லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் சூக் என்கிற அரபுச் சந்தையில் குங்குமப்பூ டப்பா டப்பாவாக வாங்கி, முழுகாமல் இருக்கும் சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் கொடுத்தவளும் நானே. அதனால் ஒரு பலனும் இல்லை என்று படித்தவளுக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தேன், கொடுத்தேன். மகள் என் நிறத்திலேயே பிறந்தாள். கடலைமாவு போட்டுத் தேய்த்தேன். ஸ்கூல் போகும் வயது வந்ததும் சிவப்பாக்கும் க்ரீம் வாங்கி, தினமும் காலையில் முகத்தில் தடவினேன். இதையெல்லாம் செய்தவள்தான் அந்தக் கட்டில் பக்கத்தில் ஒன்றும் செய்யாதவள்போல நின்றேன்.

ஊர் திரும்புவதற்கு முன் அந்த அமெரிக்கப் பெண் வார்டுக்கு வந்து என்னைத் தேடி ஒரு பையைக் கொடுத்தாள். தன் மூத்த மகள் படித்து முடித்த படப் புத்தகங்கள், உன் மகளுக்கு என்றாள். ஐந்து புத்தகங்கள். எல்லாவற்றிலும் கறுப்புப் பிள்ளைகள். ஒன்றில் ஒரு சிறுமியின் சுருட்டை முடியை அம்மா வகிடு எடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில், அமெரிக்காவில் முன்னொரு காலத்தில் தங்கள் பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று கறுப்புத் தாய்மார்கள் கூட்டமாகத் தெருவில் நடந்தார்கள். ஒருத்தி முகத்திலும் பயம் இல்லை. அவ்வளவு கறுத்த முகங்களை அவ்வளவு ஆசையாக வரைந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களில் கறுப்பாக இருப்பவள் சூனியக்காரிதான்.

ஐந்தில் மகளுக்குப் பிடித்தது ஒரு குட்டித்தம்பியின் கதை. ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். மூக்கு என்னுடையது என்கிறார் அப்பா. இமை என்னுடையது என்கிறாள் அம்மா. காது என்னுடையது என்கிறார் மாமா. அக்காக்காரி தனக்கு எதுவும் மிஞ்சாதோ என்று காத்திருந்து, கடைசிப் பக்கத்தில் தன் கையைத் தம்பியின் கையோடு சேர்த்து வைத்து, இந்த நிறம் என்னுடையது, நான்தான் கொடுத்தேன் என்கிறாள்.

குவைத்தில் லீவு நாளான ஒரு வெள்ளிக்கிழமை, சர்ச்சில் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளைத் தேடினேன். தரையில் அந்தக் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் க்ரீம் ட்யூப், மூடி திறந்திருந்தது.

"மம்மி, இவளுக்கும் க்ரீம் போட்டேன். டெய்லி போட்டா இவளும் ஃபேர் ஆயிருவா."

அக்காக்காரியின் முகம் பளபளவென்று இருந்தது. கழுத்திலும் தடவியிருந்தாள், காதுக்குப் பின்னாலும் தடவியிருந்தாள். காதுக்குப் பின்னால் விட்டுவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று தினமும் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் கறை போகவே இல்லை, இன்றும் அந்தப் பக்கம் எண்ணெய்த் தாள்போலத்தான் இருக்கிறது.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்த கோபத்துக்கு அந்த ஃப்ளாட் போதவில்லை. ட்யூபை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், இருந்த க்ரீமையெல்லாம் சிங்க்கில் பிதுக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஓர்ப்படி ஓடி வந்தாள்.

"யக்கா, என்ன செய்யுதீங்க? நல்ல க்ரீம்லா அது!"

"க்ரீம் நல்லதுதாம்ட்டி. நாங்க ரெண்டு பேரும் இருக்கிற கலருலயே இருந்துட்டுப் போறோம். எவளுக்குக் கண்ணு கூசுதோ அவ மூடிக்கிடட்டும்."

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. பல நாள் காலையில் மகள் முகத்தை நீட்டிக்கொண்டு, "மம்மி, க்ரீம்?" என்று நின்றாள். "மாஃபி. கலாஸ்", இல்லை, தீர்ந்துபோச்சு என்று அரபியில் சொல்லி அனுப்புவேன். ஸ்கூல் பஸ்ஸில் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், வந்ததும் புத்தகத்தோடு பெட்ரூமுக்குள் போய்விடுவாள். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். கறுப்பு அழகு என்று பிரசங்கமெல்லாம் செய்யவில்லை. ஐந்து புத்தகத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தோம். அவள் ஆங்கிலத்தில் படிப்பாள், நான் தமிழில் சொல்வேன்.

அந்தச் சமயத்தில் ஓர்ப்படி முழுகாமல் இருந்தாள்.

"யக்கா, சூக்குக்குப் போனா குங்குமப்பூ வாங்கிட்டு வாங்க. உங்களுக்குத்தான் நல்லதா பாத்து வாங்கத் தெரியும்."

"பிரியாணிக்கின்னா வாங்கிட்டு வாரேன்."

"ஏன், பிள்ளைக்கு வாங்கினா என்ன?"

"பால் ருசியா இருக்கும். கலரெல்லாம் வராது."

"அப்ப நீங்க ஏன் குடிச்சீங்க?"

"பயந்து குடிச்சேன்."

அவள் கணவனிடம் சொல்லி வாங்கிக் குடித்தாள். நான் தடுக்கவில்லை, அவள் பயம் அவளுக்கு.

என் டூட்டியில்தான் அவளுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. துணியில் சுற்றும்போது என் கை மறுபடியும் காதுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில்காரர்கள் பிள்ளை பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தில் மூத்தவரான ஒரு அக்கா பிள்ளையை மடியில் வாங்கினார், ஜெபம் சொன்னார், அடுத்த வேலையாகக் காதை மடக்கினார்.

"தாயி கலரு வரலயே," என்று உச்சுக் கொட்டினார். பிறகு சுவரோரம் நின்ற என் மகளைப் பார்த்தார். "அக்கா கலருதான் வரும் போல. பொட்டப்பிள்ளையா வேற போச்சு."

துக்கம் விசாரிக்கிற குரலில்தான் சொன்னார். ஓர்ப்படி தலையைக் குனிந்துகொண்டாள். என் மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை மாதம் நாங்கள் படித்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்று நினைத்தேன். அந்த அக்காவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று எழுந்தும்விட்டேன்.

அதற்குள் மகள் மடிக்குப் பக்கத்தில் போய்விட்டாள். தன் கையை எடுத்துப் பிள்ளையின் கையோடு சேர்த்து வைத்தாள்.

"ஆமா ஆன்ட்டி, இந்தக் கலர் என்னுது. நான்தான் குடுத்தேன்." பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். "மூக்கு சித்தப்பாவுது. கண்ணு சித்தியுது. உங்களுக்கு ஒண்ணும் கிடையாது, நீங்க லேட்டு."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. அந்த அக்கா, "ஆத்தி, என்ன வாயி பாரு!" என்றபடி, இன்னொரு காதையும் பார்த்துவிடலாம் என்று பிள்ளையைத் திருப்பினார்.

ஓர்ப்படி எழுந்து வந்து பிள்ளையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அதான் சொல்லிட்டாள்லா, கலரு அவளுதுன்னு. காத விடுங்க, பிள்ளைக்கு வலிக்கும்."