மஃப்ளர்காரர்

எனக்குப் பெங்களூர் போகும் அந்தக் காலை ரயிலில் வரும் எவரையும் பிடிக்காது. தங்கவயலில் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வண்டி நகர்ந்ததும் வாயைப் பிளந்து தூங்கிவிடும் ஜனம். அந்த ஜனத்தைத்தான் நான் இரண்டு மாதமாக வரைந்துகொண்டிருந்தேன்.

வேறு வழி இல்லை. விவேக் நகரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் எனக்கு வேலை. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் போட்டோ ஒட்டி ஒட்டி வெறுத்துப்போயிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அங்கிருந்த மேடம் ஒரே நிபந்தனைதான் போட்டார். தினமும் கண்ணில் படுகிறவர்களைப் பேனாவில் வரைய வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிஷம். அறுபது பக்கம் நிறைந்தால் வா, ஒன்று குறைந்தாலும் வராதே.

நான் தூங்குகிறவர்களாகப் பார்த்து வரைந்தேன். அவர்கள் ஆடமாட்டார்கள், ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள்.

மேடத்தைப் பார்க்கப் போகிற அன்று காலை, எதிர் சீட்டில் தூங்கியவரை வரைந்து அறுபதை முடித்தேன். ஐம்பது வயசிருக்கும், தினமும் அதே ஜன்னலோரம். கே.ஆர்.புரம் தாண்டியதும் விழித்தவர், மஃப்ளரை அவிழ்த்துவிட்டு என் மடியிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இன்னாம்மா இது? நான் செத்துட்டனா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. குளிருக்குத் தலையையும் தாடையையும் சேர்த்து அவர் கட்டியிருந்த மஃப்ளர், என் கோட்டில் பிணத்துக்குக் கட்டும் தாடைக்கட்டாகியிருந்தது. நெற்றிக் குங்குமம் கறுப்புப் பேனாவில் வெறும் வட்டம். சாட்சாத் பிணத்தின் நெற்றியில் ஒட்டிய காசு.

"அது மஃப்ளர்ணா..."

"காலங்காத்தால மனுசன பொணமா வரஞ்சிக்கினு வர்றியே, நீ நல்லா இருப்பியா? கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கிற கைதானே!"

என் வேலை அந்தப் பெட்டிக்கே தெரியும். நோட்டைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தைப் பர்ரென்று கிழித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, நோட்டை என் மேலேயே வீசினார். சுற்றி இருந்தவர்கள் "விடுணா, விடுணா" என்று அவரைத்தான் சமாதானப்படுத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஐம்பத்தொன்பதுதான். நான் இறங்க வேண்டிய கன்டோன்மென்ட் வரக் கால் மணி நேரம்கூட இல்லை.

நோட்டைத் திறந்து அவரையே பார்த்துப் பேனாவை வைத்தேன்.

"இன்னா, மறுபடியுமா?"

"இப்ப முழிச்சினுதானே கீறீங்க? உசுரோட வரையிறேன். ஆடாதீங்க."

எழுந்தால் சீட்டு போய்விடும். அதனால் அவர் நகரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என்னை முறைத்தார். நானும் முறைத்து முறைத்து வரைந்தேன். அழுத்திய அழுத்தில் ஒரு இடத்தில் காகிதம் கிழிந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் மேடம் நோட்டை மடமடவென்று புரட்டினார். "எல்லாரும் தூங்குறாங்க. உனக்கு மனுஷங்கன்னா பயமா?"

சுருக்கென்றது. பயம்தான், அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் கை நின்றது.

"இந்த ஆள் என்னையே அடிக்க வர்றான்," என்றார். "ஒண்ணாம் தேதி வந்துடு."

மஃப்ளர்காரருக்கு நான் நன்றி சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நான் வரைந்துவிடுவேன் என்று அவர் இப்போது வண்டியில் தூங்குவதே கிடையாது. மஃப்ளரும் கட்டுவதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு, பெங்களூர் வரும்வரை முறைத்தபடியே வருகிறார். நேற்று பங்காருபேட்டை தாண்டியதும் அவர் கண் செருகியது.

"ண்ணா, தல சாயுது," என்றேன்.

விலுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பேனாவைத் திறந்தேன்.