தட்டு மெஷின்காரி வேலாத்தாள்

பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் வேலாத்தாள் மெஷினுக்குள் கையை விடுவாள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று யாராவது கேட்டால், "சுவிட்ச எவன் வேணும்னாலும் போட்டுருவானுங்க. இது எங்கிட்ட இருந்தா எவனும் போட முடியாதுங்க" என்பாள்.

நல்லூரில் இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவே அவளுடைய தகரக் கொட்டகை. மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வெட்டும் பழைய மெஷின்கள் ஏழெட்டு அதில் எப்போதும் நிற்கும். தோட்டங்களில் ஓடித் துருவேறியவற்றை வாங்கி, கழற்றிக் கழுவி, கத்தி தீட்டி விற்பது அவள் தொழில். இருபது வயதில் நிட்டிங் மெஷின்களில் படியும் பஞ்சைத் தட்டும் வேலைக்குப் போனவள், மெக்கானிக் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்தே மாட்டக் கற்றுக்கொண்டாள்.

துடைப்பதற்குப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி. அதிலும் வெள்ளைதான் வேண்டும். "கலர்த் துணியில தொடச்சா அழுக்குப் போச்சா இல்லியான்னு எப்படிங்க தெரியும்?" பல் உருளைகளுக்கு இடையில் மக்கிக் கிடக்கும் தட்டைக் குடைக்கம்பியால் நோண்டி எடுப்பாள். மாடு தின்னும் தட்டில் ஆயில் வாடை ஏறுமென்று கத்திக்குக் கழிவு ஆயில் தடவ மாட்டாள், கடலை எண்ணெய்தான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். அவள் காதில் விழாததுபோல் தடவிக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்று மூன்றில், தை கடைசியில், தாராபுரம் பக்கமிருந்து பொங்கியண்ணன் என்ற விவசாயி டெம்போவில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். வாங்கி இரண்டு வருஷம்கூட இராது. கத்தி தேயவே இல்லை.

"என்ன ஏதுன்னு கேக்காதீங்க்கா. என்ற கண்ணுல படாம எங்கியாச்சும் போனாச் செரி."

மறுநாள் காலை அதைப் பிரித்தாள். உருளைப் பல்லைத் துடைக்கும்போது துணியில் ஏதோ கீறியது. சிவப்புக் கண்ணாடி வளையல் துண்டு. அதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கைகழுவி, டெம்போக்காரரிடம் தோட்டத்துக்கு வழி கேட்டுக்கொண்டு, தாராபுரம் பஸ் ஏறினாள்.

தோட்டத்தில் பொங்கியண்ணனின் மனைவி மயிலாள் இடது கையில் அரிவாள் பிடித்துத் தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். தட்டு முழநீளமும் சாண்நீளமுமாக விழுந்துகொண்டிருந்தது.

பொங்கியண்ணன் வேகமாக வந்தார். "மெஷின்ல கொறைங்களா?"

"தட்டு வெக்கற தொட்டி நீளம் பத்தாம கட்டையா இருக்குதுங்க. தட்டத் தள்ளும்போது கை உருளைய எட்டுது. செஞ்சவன் மேல கொறைங்க."

மயிலாள் அரிவாளைக் கீழே வைத்தாள். "அக்கா, வார வெள்ளிக்கெழம மாட்டயெல்லாம் சந்தைக்கு ஓட்டறேங்கறாருங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலீங்க. கன்னுலருந்து நான் வளத்துன மாடுங்க நாலும். பனியன் கம்பெனிக்குப் போனா இந்தக் கைய வெச்சுட்டு என்னைய யாருங்க்கா துணி கைமடிக்க விடுவாங்க?"

"மறுக்காவும் ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார் பொங்கியண்ணன். "அன்னைக்குச் சுவிட்சுப் பக்கத்துல நின்னவன் நாந்தானுங்க. அவ கத்துனது எனக்கு மோட்டார் சத்தத்துல கேக்கலீங்க்கா."

மயிலாள் அவரைப் பார்த்தாள். விரல்கள் போன இந்த மூன்று மாதத்தில் அவர் வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை போலிருந்தது.

வேலாத்தாள் பையிலிருந்து ஒரு பனியன் நாடாவை எடுத்தாள். "கைய நீட்டுங்க தம்பி. இந்த ஊட்டுல நீளமான கை உங்களுதுதான்." தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்து முடிச்சுப் போட்டாள். அதற்கப்பால் நாலு விரற்கடை தள்ளி இன்னொரு முடிச்சு. "பத்து நாள் பொறுங்க. மாட்ட ஓட்டாதீங்க."

மண்ணரையில் ஒரு பட்டறையில் பக்கத்திலேயே நின்று, இரண்டாவது முடிச்சு அளவுக்குத் தொட்டியை நீட்டி வெல்டிங் வைக்கச் செய்தாள். மேலே தகர மூடியும் போட்டாள். பத்தாம் நாள் மெஷின் தோட்டத்துக்குத் திரும்பியது. அதை நிறுத்திவிட்டு, மோட்டாருக்குப் பெல்ட் மாட்டுவதற்கு முன்னால், பொங்கியண்ணனைக் கூப்பிட்டாள்.

"கைய உள்ளார உடுங்க."

அவர் பின்வாங்கினார். பிறகு மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தோள்வரை உள்ளே விட்டார்.

"எட்டுதுங்களா?"

"இல்லீங்க."

"நல்லா நீட்டிப் பாருங்க."

"எட்டலீங்க்கா." கையை வெளியே எடுத்தவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். வேலாத்தாள் பெல்ட்டை மாட்டியதும், எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

மயிலாள் ஒரு கட்டுத் தட்டைத் தூக்கி வந்து தொட்டியில் வைத்தாள். முதலில் தயங்கினாள். பிறகு இரண்டு கையாலும் தள்ளினாள். மெஷின் கரகரவென்று இழுத்துக்கொண்டது. மறுபக்கம் வைத்த கூடையில் விரல்நீளத் துண்டுகளாகக் கொட்டியது. கொட்டத்து மாடுகள் நாலும் தலையைத் திருப்பின.

வேலாத்தாள் குனிந்து முதல் குவியலில் ஒரு பிடி அள்ளினாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு, மோட்டார் ஓட ஓட, நிதானமாக மென்றாள். சக்கையைத் துப்பிவிட்டு, கூடையை மாடுகளின் பக்கமாகத் தள்ளினாள்.