எட்டடி பத்தங்குலம்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, செம்பூர் வீட்டுச் சமையலறையை அளந்தது. 1949 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை மத்தியானம். டேப்பின் நுனியை அவர் சுவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். எதிர்ச்சுவரில் நான் படித்தேன்.

“எட்டடி பத்தங்குலம்.”

“ஒம்போதுன்னுதான் வெச்சுக்கணும். மனையடி சாஸ்திரத்துல எட்டு நன்னது, ஒம்போது ஆகாது. யோசிக்கணும்டா மணி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் பேசி முடித்த வீடு. பத்திரப் பதிவுக்கு இன்னும் ஒன்பதே நாள்.

அப்பா பெயர் அனந்தநாராயணன். பாலக்காட்டுக்காரர், ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தா. யாருக்கும் எதையும் முடியாது என்று கடுதாசியில் எழுதமாட்டார். நேரே போய் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, எழுந்திருக்கும்போதுதான் சொல்வார். மாதுங்காவில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. குழாய் கீழே. இருபத்திரண்டு வருஷமாக அம்மா குடம் சுமந்து படி ஏறினாள். கிணறு உள்ள இந்த வீடு அவளுக்காகப் பார்த்தது.

விற்பவர் ஷேக் பரீத். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தவர், மேலப்பாளையத்துக்கே திரும்புவதால் வீட்டைக் கொடுத்தார். முன்பணம் வாங்கிய அன்றே சாவியை அப்பா கையில் வைத்துவிட்டார். “பத்திரம் பொறவு பதிஞ்சுக்கிடலாம் சாமி. வீட்டத் தூக்கிக்கிட்டா ஓடிரப் போறீய?”

நான் சிவில் டிப்ளமா படித்தவன். கட்டடக் கம்பெனியில் படம் வரைகிறேன். அளவு தவறென்றால் எனக்குத் திருத்தத்தான் தெரியும். சுவரிலேயே பென்சிலால் போட்டுக் காட்டினேன்.

“உள்பக்கம் ஒம்போதங்குலத்துக்கு ஒரு செங்கல் சுவர். இடுக்குல சாந்து அரை, மேல்பூச்சு அரை. பத்தங்குலமும் போயிடுத்து. சரியா எட்டடி. வேற என்ன தோஷம் சொல்லப்போறேள்?”

“ஒண்ணுமில்லே. சாஸ்திரத்தையே பூசி மெழுகிட்டே. நீ பெரிய இஞ்சினியர்தான்.”

டேப்பைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கத்து வீடு ஒரு பர்லாங் தள்ளி இருந்தது.

“இங்கேருந்து கூப்பிட்டா அவாளுக்குக் கேக்குமோ?”

“யாரைக் கூப்பிடணும் இப்போ?” என்றேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மறு ஞாயிறு, பதிவுக்கு முந்தின நாள் காலை, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கடைத்தெருவில் இருந்தேன். பிறகு அம்மா சொன்னாள்:

“வீடு வேண்டாம் ராஜம், பரீத் கிட்ட சாவியக் குடுத்துச் சொல்லிட்டு வரேன்னார். ஏன்னேன். சமையல் உள் அளவு சரியில்லைன்னார். அதான் மணி சரி பண்ணிட்டானேன்னேன். முழிச்சுண்டு நின்னார். போங்கோ, நான் சாகறவரைக்கும் குடம் தூக்கறேன்னு சொல்லிட்டேன்டா. காப்பியைத் தொடாமலே போனார்.”

பட்டறைக்கு நடந்தால் இருபது நிமிஷம். பாதி வழியில் ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்துமூன்று.

துக்கம் கேட்க வந்த ஜம்பு, ஆபீஸில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“டிசம்பர்லேருந்து ரெண்டு தடவை நெஞ்சுவலி. ஆத்துல சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டுட்டார். ‘செம்பூர்ல மணி இல்லாத நேரத்துல நான் விழுந்தா ராஜம் ஒண்டியா என்ன பண்ணுவள்? இங்கேன்னா சுவரைத் தட்டினா நாலு குடித்தனம் வரும்’னு அதையே சொல்லிண்டிருந்தார்.”

அப்பா சாஸ்திரம் பார்க்கிறவரே அல்ல. என் பூணூலுக்குக்கூட லீவைப் பார்த்துத்தான் நாள் வைத்தார். வலியைச் சொல்லாமல் வீட்டை விட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான் ஒன்பதங்குலச் சுவர் வைத்து அடைத்துவிட்டேன்.

பதிவுநாள் போய்விட்டது. அவசரமில்லை என்று ஷேக் பரீத் ஆள் அனுப்பினார். பதிமூன்றாம் நாள் முடிந்ததும் அம்மா சொன்னாள்: “அவர் சொல்லப் போனதை நீ போய்ச் சொல்லிட்டு வா.” காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கடுதாசி எழுதிவிடலாம். அப்பாவாயிருந்தால் எழுதமாட்டார், நேரே போயிருப்பார். சாவி இன்னும் அவர் கோட்டுப் பையில், கைக்குட்டையில் முடிந்தபடி இருக்கிறது.