வைசாகிப் பந்தியில் எழுந்தவன்

பந்தியில் பக்கத்து இலைக்காரியை எழுப்பி அனுப்பிவிட்டு, அவள் போன பிறகு வயிறாரத் தின்றவன் நான். உடையார்பாளையத்து நிலக்காரக் குடும்பம். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சூப்பர்வைசர். முகம் சுளிக்காதீர்கள்... முழுதும் கேளுங்கள்!

எழுபதுகளின் கடைசி. சுரங்கத்து மிஷின்களைப் பார்த்துக்கொள்ளப் பஞ்சாபிலிருந்து வந்திருந்தார் குர்மீத் சிங். நமக்குச் சித்திரை பிறக்கிற சமயம் அவர்களுக்கு வைசாகி, கோதுமை அறுவடைத் திருநாள். ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. மனிதர் ஷெட்டைக் கழுவிவிட்டு, ரொட்டி, கறுப்பு உளுந்துப் பருப்பு, பிரசாதமாக நெய் சொட்டும் கோதுமை அல்வா எல்லாம் செய்து, வேலையாட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

"அறுவடை மட்டும் இல்லே சாப். அஞ்சு ஆள், வேற வேற ஜாதி. ஒரே இரும்புக் கிண்ணம். எங்க குரு அவங்களுக்கு அம்ருத், புனித தண்ணி, குடுத்தார். அப்புறம் அவங்க கையிலேர்ந்து குருவும் வாங்கிக் குடிச்சார். எரநூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு, இதே நாள்!"

அவர்கள் வழக்கப்படி தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "ஆகா, எவ்வளவு பெரிய விஷயம்!" என்று முதலில் மெச்சியவன் நான்தான். வெட்கங்கெட்டவன்!

தரையில் ஒரே வரிசையாகப் பந்தி. என் இலைக்கு அடுத்த இலையில் வந்து உட்கார்ந்தாள் அஞ்சலை. சேரியிலிருந்து கல் சுமக்க வருபவள். என் உத்தியோகம் ஓடியதே அவளைப் போன்றவர்களின் தலைச்சுமையில்தான். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"என்ன சாப்?" என்றார் சிங்.

"வயிறு சரியில்லை."

அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நீங்க ஒக்காருங்க சார். நாங்க வெளியில போயி தின்னுக்குறோம்." அவள் தெரு ஆட்கள் எல்லோரும் அவள் பின்னால் போய்விட்டார்கள்.

என் வயிறு அந்த நொடியே சரியாகிவிட்டது! உட்கார்ந்தேன். சிங் என்னைத் திட்டவில்லை... பரிமாறவும் இல்லை. பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி, அவர்களோடு கல்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அல்வாத் தட்டை நானே இழுத்து வைத்துத் தின்றேன். நன்றாகத்தான் இனித்தது, பாவிக்கு!

யார் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம்? என் மேல்தான். ‘அந்தக் காலம் அப்படி’ என்று எனக்காகச் சமாதானம் சொல்ல வருகிறீர்களே, உங்கள் மேலும்தான்! எந்தக் காலமாம்? அந்த இரும்புக் கிண்ணம் கை மாறியது என் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கும் முன்பே இல்லையா? கதையை ரசித்த எனக்கு ஓர் இலை தூரம் தாங்கவில்லையே!

வருடங்கள் ஓடின. போன மாதம் அஞ்சலை வெற்றிலை பாக்கோடு என் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம்.

"கண்டிப்பா வந்து பந்தியில ஒக்காந்து சாப்டுட்டுப் போவணும் சார்."

அவளோடு ஒரே பந்தியில் உட்கார இன்னொரு வாய்ப்பு, இதற்குத்தானே இத்தனை காலம் ஏங்கினேன்? வாயைத் திறந்தேன்.

"வயிறு சரியில்ல அஞ்சல..."

"அன்னிக்கும் அதான சார் சொன்னீங்க" என்றாள்.

வாசலுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். உள்ளே வா என்றுகூட நான் சொல்லியிருக்கவில்லை.