சோனியா தூக்கிய நாற்காலிகள்

நாற்காலியைத் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் சோனியா வந்த விஷயத்தைச் சொல்வார். "சாரே, ஞாயிறாழ்ச்ச நாடகம். இந்தக் கசேரய ஹாலில போட்டு வெக்கறேன். வந்து ஒக்காந்துக்கோங்க." நாம் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கியிருப்பார். இதை நான் கட்டிலின் விளிம்பில், முதுகு வலிக்க வலிக்க எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு. மேடை உண்டு, திரை உண்டு, மழை வந்தால் ஒழுகும் ஓடும் உண்டு. நாற்காலிதான் கிடையாது. நாடகம் என்றால் அவரவர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவருவது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். கூட்டம் குறையத் தொடங்கியதும் சோனியா அதைத் தலைகீழாக்கிவிட்டார். இப்போது நாற்காலி முதலில் போகிறது. அதைத் தேடிக்கொண்டு ஆள் போகவேண்டியிருக்கிறது. கண்டதை எடுக்கமாட்டார். வீட்டில் யார் எதில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள் என்று நோட்டம் விட்டு, சரியாக அதைத்தான் தூக்குவார். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி மாமி முழங்கால் வலிக்காக வாங்கிய உயர நாற்காலியும் தப்பவில்லை. மாமி நேற்றிலிருந்து திட்டித் தீர்க்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் புடவையும் எடுத்து வைத்துவிட்டார்.

சோனியாவுக்கு நாற்பது வயதிருக்கும். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. காலையில் பஜார் தெருவைப் பெருக்கி முடித்து, ஒரு சாயாவைக் குடித்துவிட்டு ஒத்திகைக்கு வந்துவிடுவார். வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பார். மேடையேறினால் தமிழ் பட்டாசாக வெடிக்கும். விளக்குமாறு இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் ஊன்றிக்கொள்வார். அவர் அப்படி நிற்பதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். இந்த முறை நாடகம் 'ஜங்கார் மாப்பிள்ளை'. வைப்பின் தீவிலிருந்து கல்யாண கோஷ்டியை ஏற்றி வந்த ஜங்கார் படகு நடுக்காயலில் நின்றுவிடுகிறது, கரையில் முகூர்த்தம் தப்பிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா, சோனியாதான்.

ஆனால் இந்த முறை இது வெறும் சிரிப்பு விவகாரம் இல்லை. போன நாடகத்துக்கு ஹாலில் பாதிகூட ஆளில்லை. சங்கத்துக் காரியதரிசி விஸ்வேஸ்வரன், ஏலூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு சுக்கு வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறையாவிட்டால் திங்கட்கிழமை சாவி வியாபாரியின் கைக்குப் போகும். நாடகம் நடந்த இடத்தில் மூட்டை அடுக்குவார்கள். விஸ்வேஸ்வரன் கெட்டவர் இல்லை. ஓடு மாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது.

நேற்று சோனியா அவர் வீட்டுக்குப் போனபோது நானும் அங்கே இருந்தேன். விஸ்வேஸ்வரன் தன் பிரம்பு நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்காத்துலேர்ந்து ஒண்ணும் வராது, சோனியா. நானும் வரலை. காலியாக் கிடக்கறதை இன்னொரு தரம் பாக்க எனக்குத் தெம்பில்லை."

"சரி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோனியா வெளியே வந்தார். உனக்கு ஏனம்மா இந்தப் பாடு என்று தெருவில் கேட்டேன். நடந்துகொண்டே பதில் சொன்னார்.

"காலைல தெரு பெருக்கறப்போ எல்லாரும் என்னைத் தள்ளி நில்லுன்னுதான் சொல்றாங்க, சாரே. மேடையில நான் நிக்கறப்போ அவங்க ஒக்காந்து கேக்கறாங்க. அதை சுக்கு மூட்டைக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்."

நியாயம்தான் என்றேன். அதற்காக என் நாற்காலியை அவர் திருப்பித் தந்துவிடவில்லை.

இன்று மத்தியானம் ஹாலுக்குப் போனேன். பிரம்பு, பிளாஸ்டிக், இரும்பு, ஆபீஸ் சுழல் நாற்காலி என்று கல்யாண வீட்டுக் கூட்டம்போல ஒன்றோடொன்று பொருந்தாமல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டுக்காரர் பெயர் சாக்பீஸில். முன்வரிசை நடுவில் மட்டும் ஓர் இடம் காலி. சோனியா தன் வீட்டுக்குப் போய், அங்கிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கி வந்தார். நீலப் பிளாஸ்டிக், உடைந்த ஒரு கையைக் கம்பியால் கட்டியிருந்தது. அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த தன் பெயரை முந்தானையால் துடைத்துவிட்டு, விஸ்வேஸ்வரன் என்று எழுதினார்.

"போற வழில சாமிகிட்ட சொல்லிடுங்க, சாரே. கசேர போட்டாச்சுன்னு."

நாற்காலியைக் காலியிடத்தில் வைத்தார். மேடையேறி, தான் வசனம் பேசும் இடத்தில் நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தார். திருப்தி இல்லை போலிருக்கிறது. இறங்கி வந்து, அதை வரிசையைவிட்டு ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டார்.