ஆற்றோடு போகாத போர்வை

என் கணவரை ஆற்றுக்குள் இறக்கியது என் வாய்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த அவர், ஒரு வருஷம் மஞ்சள் காமாலையில் நாற்பது நாள் படுத்துவிட்டார். கண், நகமெல்லாம் மஞ்சள். டாக்டரே கையை விரித்துவிட்டார். மகளுக்கு மூன்று வயது. அவள் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். 'இவர் பிழைத்தால் ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறையில் வந்து முழுகுகிறோம்' என்று காவேரித் தாயிடம் வேண்டிக்கொண்டேன். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

நோயில் கிடந்த துணியை ஆற்றில் விட்டால் நோயும் அதோடு போய்விடும் என்பார்கள். அவர் படுத்திருந்த சிவப்புப் போர்வையை எடுத்துக்கொண்டு போனோம். படித்துறை முழுக்கக் கூட்டம். நான் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டேன். அவர் போர்வையை விட்டார். அது திரும்பத் திரும்பப் படிக்கே வந்தது. பீடை வீட்டுக்கே வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

"ஏனுங்க, இன்னும் ரெண்டு படி எறங்கி உடுங்க."

"தண்ணி இழுக்குது புள்ள."

"நோவு தொலையோணுமுங்க. எறங்குங்க."

நான் பிடித்த பிடியை விடாதவள். அவர் இறங்கினார். போர்வை காலைச் சுற்றிக்கொண்டது. அடுத்த நொடி ஆளைக் காணோம்.

நீச்சல் தெரியாது எனக்கு. புதுக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "தாயே, புத்தி கெட்டவ நான். என்னைய எடுத்துக்க. அவரை உட்டுரு!"

தூரத்தில் சிவப்பாக ஏதோ மிதந்தது. அந்தப் போர்வையின் முனை. ஒரு பரிசல்காரர் துடுப்பால் அதை மாட்டி இழுத்தார். போர்வையோடு அவரும் வந்தார். மூச்சில்லை.

"அழுவாதீங்க அம்மணி, தள்ளி நில்லுங்க" என்று அவரைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கினார் பரிசல்காரர். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் வெளியே வந்தது. என் கணவர் இருமினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "போர்வை போயிருச்சா?"

அன்றைக்கே பக்கத்துப் படியில் இன்னொருத்தியின் கணவரும் முழுகிப் போனார். சாயங்காலம்தான் உடல் கிடைத்தது. காலில் யாரோ விட்ட புடவை சுற்றியிருந்தது. அவளும் அதே தாயைத்தான் கூப்பிட்டாள். எனக்கு மட்டும் ஏன் அவர் உயிரோடு கிடைத்தார்? இன்றுவரை தெரியவில்லை. நன்றி சொல்லும்போதெல்லாம் அவள் முகம் வந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் நாங்கள் இரண்டு பேரும் கூடுதுறைக்குப் போகிறோம். முழுகி எழுந்ததும், நீண்ட கழியில் கொக்கி கட்டி, ஆற்றில் கிடக்கும் துணிகளைக் கரைக்கு இழுத்துப் போடுகிறோம். அடுத்தவர் விட்ட பாவத்தைத் தொடுகிறீர்களே என்று சிலர் திட்டுவார்கள். திட்டட்டும்.

தாயை நம்புகிற நீங்களும் வாருங்கள். முழுகுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள், அவள் காது கொடுப்பாள். துணியை மட்டும் கரையிலேயே வைத்துவிடுங்கள். எங்கள் சிவப்புப் போர்வை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. மார்கழிக் குளிரில் அவர் அதைத்தான் போர்த்திக்கொள்கிறார்.